கெண்டைக்காலில் ஒரு கெண்டை

ராஜபாளையம்
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

நல்லா இருக்கியா? தங்கச்சி, புள்ளைங்க சுகமா? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா? நாலு மாசமா நீ அனுப்புன மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தேன். "வாத்தியார் பெரிய ஆளாயிட்டான்"னு நீ குண்டூசிகிட்டச் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துருச்சு. பெரிய ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டா. போன்ல சொன்னா ஒண்ணு நீ சிரிப்பே, இல்ல பதறுவே. ரெண்டையும் தாங்க அப்ப எனக்குத் தெம்பு இல்லை. அதான் பேப்பரை எடுத்தேன்.

ஆடி மாசம். இடைப்பருவத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன், வலது கெண்டைக்கால்ல தோலுக்கு அடியில எதுவோ துள்ளுச்சு. லுங்கியை ஏத்திப் பார்த்தா கண்ணுக்கே தெரியுது. சாக்குக்குள்ள போட்ட மீன் மாதிரி, கொஞ்சம் சும்மா கிடக்கும், திடீர்னு நாலு வெட்டு வெட்டும். அந்தச் சதைக்குக் கெண்டைன்னு பேர் வச்சவன் பார்த்துட்டுதான் வச்சிருக்கான். அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துக்கிட்டு, "ஆம்பளைக்கு வலப்பக்கம் துடிச்சா நல்லதுடா"ன்னா. நான் அதோட விட்டிருக்கணும்.

பத்து நாள்ல தொண்டை. எச்சில் முழுங்குறப்ப நடுவுல ஒரு இலந்தைக்கொட்டை. காறிப் பார்த்தாலும் போகலை, தண்ணி குடிச்சாலும் போகலை. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ரெண்டையும் சேர்த்துப் போன்ல போட்டுத் தேடினேன். திரும்பத் திரும்ப ஒரே பேரு வந்து நின்னுச்சு. மோட்டார் நியூரான் நோய். சதையை ஆட்டிவைக்குற நரம்பு செல்லுங்க செத்துக்கிட்டே போய், உடம்பு பலமிழக்குறது. நம்ம பி.டி. சாருக்கு வந்தது.

நீ அப்பத் துபாய்ல இருந்தே, அவரைப் பார்க்கலை. நான் பார்த்தேன், ஒரே ஒரு தடவை. அவர் விசில் அடிச்சா முக்கு ரோட்டுல பஸ்ஸே நிக்கும்ல, அந்த விசில் ஜன்னல் கொக்கியில தொங்குது. அவரால உதட்டைக் குவிக்க முடியலை. பேச்சு கூழா ஆயிருச்சு. ஒரு அட்டையில அஆ, கஙச எழுதி மடியில வச்சிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் விரலை இழுத்து இழுத்து மூணு எழுத்தைத் தொட்டார்: க, யி, று. நம்ம பழைய கயிறு சமாச்சாரத்தை இருபத்தெட்டு வருஷம் கழிச்சும் மனுஷன் மறக்கலைடா. சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னு அழுதேன். அடுத்த வாரம் போவோம், அடுத்த வாரம் போவோம்னு தள்ளிப் போட்டு, கடைசியில மாலையோடதான் போனேன். இதே நோயோட இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை உதாரணம் காட்டித் தேத்துறவங்க இருக்காங்க. அவருக்கு 1963-ல கண்டுபிடிச்சாங்க, 2018 வரைக்கும் இருந்தார். பி.டி. சாருக்கு இருபத்தாறு மாசம். பெரும்பாலும் அப்படித்தான், ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள.

அப்புறம் எனக்குப் பிடிச்ச கிறுக்கைக் கேளு. உன் தங்கச்சி தையல் மிஷின்ல கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் அளந்து, பழைய வருகைப் பதிவேட்டுல தேதி போட்டு எழுதி வச்சேன். வலது முப்பத்தஞ்சு செ.மீ., இடது முப்பத்தஞ்சரை. அந்த அரை சென்டிமீட்டருக்காக ஒரு வாரம் தூக்கம் போச்சு. மாடிப்படியில நுனிக்கால்ல ஏறுவேன், குதிகால்ல இறங்குவேன். சட்டைப் பட்டனை இடது கையால மட்டும் போட்டுப் பார்ப்பேன். நாக்கு குழறுதான்னு பார்க்கப் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் சறுக்கி வழுக்கிக் கீழே விழுந்தான்", இருபது தடவை. பதினஞ்சாவது தடவை எவனுக்குடா குழறாது? ஏழாப்பு பசங்களை விட்டுச் சொல்லச் சொன்னேன், என்னைவிட மோசமாச் சொன்னானுங்க. தமிழ் வாத்தியாரா வெட்கப்படுறதா, நோயாளியாச் சந்தோஷப்படுறதான்னு தெரியலை.

நம்ம ஊரு பேர்லயே இதுல ஒரு வகை இருக்குடா, தெரியுமா? மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். சென்னை டாக்டருங்கதான் 1970-வாக்குல முதல்ல எழுதியிருக்காங்க. பெரும்பாலும் இளவயசுல வரும், முகமும் நாக்கும் பலமிழக்கும், காது மந்தமாகும், மெதுவாத்தான் முத்தும். நாற்பத்தேழு வயசுல அது எனக்கு எதுக்கு? ஆனாலும் காது கேக்குதான்னு ரெண்டு நாள் சோதிச்சேன். உன் தங்கச்சி சொன்னா, "நான் கூப்பிட்டா மட்டும்தான் உங்களுக்குக் கேக்காது."

அவகிட்ட மறைச்சது மூணு மாசம். ஒரு நாள் பதிவேட்டை எடுத்துட்டு வந்து, "யாருக்குப் பேன்ட் தைக்கக் காலை மட்டும் அளந்திருக்கீங்க"ன்னா. உடைஞ்சுட்டேன். அவ ஒண்ணும் பேசலை. மறுநாள் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா.

நரம்பு டாக்டர், நம்ம வயசுதான் இருக்கும். நான் பத்து நிமிஷம் ஒப்பிச்சேன். கேட்டுட்டு, "தோணுறதை எல்லாம் சொல்லிட்டீங்க. முன்ன செஞ்சு இப்ப செய்ய முடியாதது என்ன, அதைச் சொல்லுங்க"ன்னார். வாயைத் திறந்தேன், வார்த்தை வரலை. படி ஏறுறேன், சைக்கிள் மிதிக்கிறேன், அஞ்சு பீரியடு நின்னுக்கிட்டே நடத்துறேன். முடியாததுன்னு ஒண்ணுமே இல்லைடா. அந்த நோய்ல பலம் போறதுதான் பிரதானமாம், வெறும் துடிப்பு மட்டும் ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்காம். சுத்தியலால முட்டியத் தட்டினார், தாடையத் தட்டினார். வாயைத் திறக்கச் சொன்னதும் வழக்கம்போல நாக்கை நீட்டினேன். "உள்ளயே வைங்க. வெளிய நீட்டினா யாருக்கும்தான் நடுங்கும், சும்மா கிடக்குறப்பதான் பார்க்கணும்"னார். மூணு மாசமா ராத்திரி ராத்திரி கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டிக்கிட்டு நின்னவன் எப்படி இருந்திருப்பேன், நினைச்சுப் பாரு.

ஈ.எம்.ஜி.ன்னு ஒரு சோதனை, சதையில ஓடுற மின்சாரத்தைப் பார்க்கச் சதைக்குள்ள ஊசியை ஏத்துறாங்க. மிஷின்ல ஒலிபெருக்கி இருக்கு. காலை மடக்கினா தகரக் கூரையில மழை பெய்யுற சத்தம். "விடுங்க"ன்னாங்க. விட்டேன். சத்தமே இல்லை. சதை ஓய்வா இருக்குறப்ப அப்படித்தான் கிடக்கணுமாம். வகுப்புல எத்தனை தடவை "சத்தம் போடாதீங்கடா"ன்னு கத்தியிருப்பேன், அமைதியோட அருமை அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. தைராய்டு, கால்சியம், பி12 எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க, சரியா இருக்கு. தொண்டை டாக்டர் மூக்கு வழியா டியூபை விட்டுப் பார்த்துட்டு, வயித்து அமிலம் மேல ஏறி தொண்டை செவந்திருக்குன்னார். சோறு திங்குறப்ப அந்தக் கொட்டை தெரியலை, சும்மா எச்சில் முழுங்குறப்பதான் தெரியுது. அதை நானே கவனிச்சிருக்கலாம். அந்த நோய்னா முதல்ல தண்ணிதான் புரையேறுமாம். ஏழு டீ ரெண்டாச்சு, ராத்திரி புரோட்டா கிடையாது. சொர்க்கமே போச்சுன்னு வச்சுக்க.

இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே. ரிப்போர்ட் கையில இருக்கு, பயம் போகலை. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல இந்த மாதிரி வெறும் துடிப்போட வந்த 121 பேரை, ரெண்டு வருஷத்துல இருந்து முப்பத்திரண்டு வருஷம் வரை கவனிச்சு 1993-ல எழுதியிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட அந்த நோய் வரலை. நூத்தி இருபத்தொண்ணு, நூத்தி இருபத்தொண்ணுன்னு ஜபம் மாதிரி சொல்லிக்கிட்டுத் தூங்குறேன். விடியக்காலை மூணு மணிக்கு, 122-வது ஆள் நீதான்னு ஒரு குரல் கேக்குது. லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வருஷத்துக்கு வருதாம். குலுக்கல் சீட்டுல ஒரு குக்கர்கூட விழாத ராசி என்னுது, இது மட்டும் எனக்கே விழும்னு மனசு அடிச்சுச் சொல்லுது. இப்ப எழுதுறப்பகூடக் கால் துள்ளுது. அது வருஷக்கணக்குல இருக்கலாம், பழகிக்குங்கன்னுட்டார் டாக்டர்.

குண்டூசிகிட்ட மூச்சு விடாதே. பொங்கலுக்கு வர்றப்ப ஒரு நாள் சேர்த்து லீவு போட்டுட்டு வா. பி.டி. சார் வீட்டுக்குப் போகணும், டீச்சரம்மாவைப் பார்க்கணும். பத்து வீடு தள்ளித்தான் இருக்கு, தனியாப் போகக் கால் வர மாட்டேங்குது. (துடிக்குற கால் இல்லை, மத்தது.) திருவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வைக்கிறேன், நீ தின்னு, நான் பார்க்கிறேன்.

உன்
வாத்தி

பி.கு.: கடைசிப் பக்கத்துல கையெழுத்து கோணிக் கிடக்கும். கரண்ட் போயிருச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல எழுதினது. நீயும் ஆரம்பிச்சுறாதே.