ஐந்து தெனார் காசில் இருக்கும் பூனைக்காக

வட மாசிடோனியாவின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு,

வணக்கம். நான் காசு சேர்ப்பவன். உங்கள் ஐந்து தெனார் காசு இப்போது என் உள்ளங்கையில் கிடக்கிறது. பித்தளை நிறம், விளிம்பு தேய்ந்துவிட்டது. அதில் இருப்பது பால்கன் லின்க்ஸ், நாங்கள் சிவிங்கிப் பூனை என்போம். ஒரு தெனாரில் ஆட்டுக் காவல்நாய், இரண்டு தெனாரில் ஓஹ்ரித் ஏரி மீன். தலைவர்களின் முகம் பொறிக்கும் இடத்தில் நாயும் மீனும் பூனையும்! அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தத் துணையினத்தை 'மிக அருகிய' பட்டியலில் சேர்த்தது. வளர்ந்த விலங்குகள் ஐம்பதுகூட இல்லை. உங்கள் மாவ்ரோவோ தேசியப் பூங்காதான் அதன் முக்கியப் புகலிடம். எல்லைக்கு அப்பால் அல்பேனியாவின் முனெல்லா மலையிலும் குட்டி ஈனுகிறது. தானியங்கிக் கேமராவில் சிக்கும் படங்களில், விலாப் புள்ளிகளைப் பார்த்தே இது எந்தப் பூனை என்று சொல்லிவிடுகிறார்கள், நம் கைரேகை மாதிரி. ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும் அளவுக்குத்தான் மிச்சம் இருக்கிறது.

மாவ்ரோவோவுக்குள் போஷ்கோவ் மோஸ்ட் அணை வரவிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, 2017இல் ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் மேம்பாட்டு வங்கி கடனைக் கைவிட்டது. நல்லது. ஆனால் அணை கண்ணுக்குத் தெரியும், கையெழுத்து திரட்டலாம். பனிக்காட்டில் வெடிக்கும் ஒற்றைத் துப்பாக்கிக்கு எதிராக யார் ஊர்வலம் போவார்கள்?

லின்க்ஸைச் சுடுவதை உங்கள் சட்டம் எப்போதோ தடை செய்துவிட்டது. அதையும் மீறிய கள்ள வேட்டைதான் அதற்குப் பெரிய எமன். பூனையைச் சுட்டால் மட்டுமல்ல, ரோ மானைத் திருட்டுத்தனமாகச் சுட்டாலும் கதை அதுதான். வளர்ந்த லின்க்ஸுக்கு ஏறத்தாழ வாரம் ஒரு மான் வேண்டும். மான் குறைந்த காட்டில் தாய் எதைக் கொண்டு குட்டிகளை வளர்க்கும்?

நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. அவற்றுக்குத்தான் பஞ்சமே இல்லையே! ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளை வெளியிடுங்கள்: எத்தனை லின்க்ஸ் செத்துக் கிடந்தன, எத்தனை வழக்குகள் நீதிமன்றம் ஏறின, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள், மாவ்ரோவோவில் இரவு ரோந்துக்கு எத்தனை காவலர்கள். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலும் அதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காசைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவன்