ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் முன்

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர் நான். மதிப்பெண் போடும் முறையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிற பண்பாட்டினரோடு பழகும் திறன் வளரட்டும் என்று நான்கு நாட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடுகிறோம். சரி. ஆனால், கடைசியில் வரும் அறிக்கைக்கு மட்டும்தான் மதிப்பெண். எதற்கு வம்பு என்று ஆங்கிலம் சரளமாக வருகிறவரே முழுவதையும் எழுதிவிடுகிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அறிக்கை பளபளவென்று இருக்கிறது.

ஒரு குழுவில், கணக்கெடுப்புக்கான கேள்விகளை முடிக்கும் நாளை 05/06 என்று குறித்தார்கள். அமெரிக்க மாணவருக்கு அது மே 6. மற்றவர்களுக்கு ஜூன் 5. மே 7 அன்று அவர் எல்லோருக்கும் சூடாக ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். தேதிக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. மின்னஞ்சலின் தொனி தீரவில்லை. "நேராகக் கேட்டேன், அவ்வளவுதானே?" என்றார் அவர். "எல்லோர் முன்னாலுமா கேட்பது?" என்றார் ஒரு மாணவி. அப்புறம் இரண்டு வாரம் அந்த மாணவி வாயே திறக்கவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து பேசியதுதான் அந்தப் பருவத்தின் உண்மையான பாடம். அதற்கு மதிப்பெண் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

வெவ்வேறு பிரிவினரைச் சும்மா கலந்துவிட்டால் தப்பெண்ணம் போய்விடாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார். சம அந்தஸ்து, பொதுக் குறிக்கோள், ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். ப்ராஜெக்ட் பொதுக் குறிக்கோளைத் தந்துவிடும். சம அந்தஸ்து தானாக வராது, மொழி தெரிந்தவர் முதலாளி ஆகிவிடுவார். மேலிடம் நீங்கள்தான்.

ஆகவே, பாதி மதிப்பெண்ணையாவது வேலை நடந்த விதத்துக்கு ஒதுக்குங்கள். முதல் வாரத்தில் தலைப்பைத் தொடவே வேண்டாம்: எத்தனை நாளில் பதில் போடுவது, முடியாது என்பதை எப்படிச் சொல்வது, ஒருவர் பேசாமல் இருந்தால் சம்மதமா மறுப்பா என்று பேசி எழுதி வைக்கட்டும். தலைமைப் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கட்டும். வாரம் அரைப் பக்கம் குறிப்பு: எங்கே முட்டிக்கொண்டோம், நான் என்ன நினைத்தேன், அவர் சொல்ல வந்தது என்ன.

ஒன்று மட்டும் கவனம்: ஒற்றுமைக்கு மதிப்பெண் போடாதீர்கள், நடிப்பார்கள். சண்டையே வரவில்லை என்று எழுதும் குழுவை நான் நம்புவதில்லை.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு பாடத்தில் சோதித்துப் பாருங்கள். என்னிடம் மதிப்பெண் தாளின் வரைவு இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழிகாட்டி ஆசிரியர்