நான் மஞ்சள் ஜாக்கெட்தான் போட்டிருந்தேன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வீதி விபத்துக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் தேத்தண்ணியோடு, இரண்டாம் தரம் கோபத்தோடு. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட் போட்டால் விபத்து பாதியாகக் குறைந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது அவருடைய நம்பிக்கை, இருக்கட்டும். ஆனால் அடுத்த வரியில், அதைப் போடாமல் வருகிறவர் தன் விபத்துக்குத் தானே விண்ணப்பம் அனுப்புகிறார் என்று முடித்திருக்கிறாரே, அந்த வரிதான் நாலு நாளாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் எந்த விண்ணப்பமும் அனுப்பவில்லை ஐயா. ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் அடிபட்டேன்.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நிலாவெளிக்கு அப்பால் ஒரு பாடசாலையில் 22 வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். போக்கும் வரத்தும் முதலில் சாலி என்ற ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிளில், பிறகு ஸ்கூட்டரில். கச்சான் காற்றில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுச் சிப்பை இழுத்துவிட்டால் உள்ளே அவிந்து போகும். அந்த அவியலை உங்கள் கட்டுரையாளர் ஒரு ஆனி, ஆடியில் அனுபவித்துப் பார்க்க வேண்டும். நான் அனுபவித்தேன். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற வீறாப்பு.

விபத்து நடந்தது அலஸ்தோட்டத்துக்குக் கிட்ட. பகல் இரண்டு மணி இருக்கும், நல்ல வெயில். எலுமிச்சை நிற ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட், போதாததற்கு ஹெட்லைற்றும் எரிந்தது. எதிரே வந்த வான் ஒன்று தன் வலப்பக்க ஒழுங்கைக்குள் திரும்புவதற்காக நின்றது. சாரதி என் பக்கம் பார்த்தார். பார்த்தார் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பார்த்துவிட்டு அப்படியே எனக்குக் குறுக்கே திருப்பினார்.

இடது மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டர். சாரதி யாரென்று பார்த்தால், ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த பொடியன். வீதியோரம் குந்தியிருந்து தலையில் கை வைத்துக்கொண்டு, “சத்தியமா காணேல்ல ரீச்சர், சத்தியமா காணேல்ல” என்று அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவனுடைய காது சிவக்கும், அது எனக்கு வகுப்பிலேயே தெரியும். விசாரிக்க வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன நிறத்தில் உடுத்தியிருந்தீங்கள் என்பது. மடியில் கிடந்த ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். அப்படியென்றால் வேகமாக வந்திருப்பீங்கள் என்றார். நீ ஏன் காணவில்லை என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்காத கேள்வியை உங்கள் கட்டுரையும் கேட்கவில்லை.

பார்ப்பது வேறு, காண்பது வேறு. இது பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வந்தது. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய அந்த வாகனம்தான் குறுக்கே வந்திருக்கிறது. அந்தச் சாரதிகள் வழக்கமாகச் சொன்னதும் என் மாணவன் சொன்னதேதான். கலிஃபோர்னியாவுக்கும் அலஸ்தோட்டத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை.

காரணம் நிறம் மட்டுமல்ல. எதிரே வருகிற ஸ்கூட்டர் ஒரு ஒடுங்கிய கோடு. பஸ்ஸும் அதுவும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வந்தாலும், சின்னதாக இருக்கிற பொருள் பிந்தித்தான் வந்து சேரும் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. வானின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூணுக்குப் பின்னால் ஒரு முழு ஸ்கூட்டர் ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றையும் விட, சந்தியில் நிற்கிறவரின் மனம் பஸ்ஸையும் லொறியையும்தான் தேடுகிறது. தேடாத பொருளுக்கு எந்த நிறத்தைப் பூசினாலும் என்ன?

அதற்காக ஜாக்கெட் வீண் என்று நான் எழுதியதாக அடுத்த கிழமை யாரும் கடிதம் போட வேண்டாம். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் செய்த ஒரு ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒளிரும் அல்லது ஒளி தெறிக்கும் உடை போட்டவர்களுக்குப் பாரதூரமான விபத்து ஆபத்து 37 சதவீதம் குறைவு, வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கறுப்புப் போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவு, பகலில் ஹெட்லைற் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் 37 என்பது பாதி இல்லை, இது கணக்கு ரீச்சர் இல்லாமலே விளங்கும். ஜாக்கெட் வாங்கிப் போடுகிறவர் பெரும்பாலும் இயல்பிலேயே கவனமானவர். குறைந்தது ஜாக்கெட்டாலா, கவனத்தாலா என்று முழுதாகப் பிரித்தெடுப்பது லேசான காரியமல்ல. அதே ஆய்வு சொன்ன வெள்ளை ஹெல்மெட்டைப் பற்றியும் லைற்றைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கடைக்குப் போய்ப் பாருங்கள், பத்து ஹெல்மெட்டில் எட்டு கறுப்பு.

அப்புறம் கட்டுரையோடு நீங்கள் போட்ட அந்தப் படம். இரவில் எடுத்த படத்தில் ஜாக்கெட் வெள்ளியாய் ஜொலிக்கிறது. ஐயா, அது கமரா ஃபிளாஷின் உபயம். ஜாக்கெட்டில் இரண்டு பொருள் இருக்கின்றன. மஞ்சள் துணி சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிக் கொடுக்கும், ஆகவே அது பகல் வேலைக்காரன். பொழுது பட்டால் அதுவும் ஒரு சாதாரணத் துணி. வெள்ளிப் பட்டி இரவு வேலைக்காரன், ஆனால் தன்மேல் விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பத்தான் அதற்குத் தெரியும். பின்னால் வருகிற வாகனத்துக்கு அது அருமையாகத் தெரியும். பக்கத்து ஒழுங்கையில் நின்று எட்டிப் பார்க்கிற வானின் லைற் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பட்டி இருந்தும் இல்லாத மாதிரித்தான். முதுகில் புத்தகப் பையைப் போட்டு அந்தப் பட்டியை மூடிக்கொண்டு ரியூஷனுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நிறம்கூட இடத்துக்கு இடம் மாறும். இஸ்ரேலில் செய்து 2012இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பல நிறங்கள் நெருக்கும் நகரத் தெருவில் வெள்ளை உடையும் ஒளி தெறிக்கும் உடையும் நன்றாகத் தெரிந்தன. பின்னணியில் வெளிச்சமான வானம் மட்டும் இருக்கும், நகருக்கு வெளியே உள்ள வீதியில் கறுப்பு உடைதான் எடுப்பாகத் தெரிந்தது. நிலாவெளி உப்பளப் பக்கம் மத்தியானத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. அறுவடைக்குக் கிட்டிய நாளில் தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே பசுமஞ்சள் ஜாக்கெட்டோடு போகிறவர் நெல்லோடு நெல்லாகிவிடுவார், அங்கே செம்மஞ்சள்தான் எடுபடும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தெரியும்படி வா என்று எங்களுக்கு இப்போது புத்தி சொல்கிறார்கள். இதே வீதியில் ஒரு காலத்தில் சோதனைச்சாவடியைக் கண்டதும் ஹெட்லைற்றை அணை, ஹெல்மெட்டைக் கழற்று, இறங்கித் தள்ளிக்கொண்டு வா என்றார்கள். அதையும் செய்தோம். 2015இல் முகம் மூடிய ஹெல்மெட்டைத் தடை செய்யப் புறப்பட்டார்கள், அது நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு தரமும் திருத்தப்பட வேண்டியவர் இரண்டு சில்லில் போகிறவர்தான். லைற்றே இல்லாத பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி இருட்டில் வருகிற லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு யாரும் ஜாக்கெட் போடவில்லை. ஹைபீமைக் குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஹபரணைப் பாதையில் வருகிற பஸ்களுக்கும் புத்திமதி இல்லை. நடு வீதியில் படுத்து இரைமீட்கிற கட்டாக்காலி மாடுகளும், கோட்டையிலிருந்து டவுனுக்கு உலாப் போகிற மான்களும் இனிமேல் மஞ்சள் ஜாக்கெட் போட்டு வரும் என்று எதிர்பார்க்கலாமா?

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீதியில் ஏழு விளக்கு எரிவதில்லை என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். போட்டீர்கள், நன்றி. ஏழு விளக்கை ஒரு விளக்காக்கி, உப்புவெளியை உப்பாறு ஆக்கிப் போட்டீர்கள். விளக்குக்குப் பொறுப்பான இடத்தில் போய் நின்றபோது அந்தத் துண்டைக் காட்டி, உப்பாறு எங்கள் எல்லைக்குள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விளக்கு இன்னமும் எரியவில்லை. அதை மன்னித்துவிட்டேன், ஆகவே இங்கே விரிவாக எழுதவில்லை.

இப்போது கேட்பது சின்ன உதவி. கட்டுரைக்குத் திருத்தம் போடுங்கள் என்று கேட்கவில்லை, பழக்கமில்லாததை ஏன் கேட்பான். உங்கள் பத்திரிகையை எங்கள் வீதியில் போடுகிற தம்பி விடியுமுன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறான். கருநீல ரீசேட், கறுப்பு ஹெல்மெட். பின் லைற் மார்கழி மழை தொடங்கியதிலிருந்து எரியவில்லை. அந்த ஞாயிறும் ஜாக்கெட் கட்டுரையை இருட்டில் சுமந்துகொண்டு அப்படித்தான் வந்தான். அவனுடைய கரியரின் பின்பக்கம் நானே இரண்டு சாண் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டிவிட்டேன். பல்ப்பை மட்டும் உங்கள் முகவரிடம் சொல்லி மாற்றிக் கொடுக்கச் செய்யுங்கள். வயரில் பிழை இருக்கலாம் என்று தம்பி சொல்கிறான், அதையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். காசு ஒரு பிரச்சினை என்றால் என் அடுத்த மாதப் பத்திரிகைப் பில்லோடு சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உப்புவெளி (உப்பாறு அல்ல), திருகோணமலை.