ஊர்ப்பெயரைத் தேட வரைபடம் கடைசியில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலக் கையெழுத்தில் உள்ள பழைய பிரிட்டிஷ் ராணுவ ஆவணங்களைப் படிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, புரியாத ஊர்ப்பெயரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதைப் போன்ற பெயரை வரைபடத்தில் தேடச் சொல்கிறது. தவறுகளில் பெரும்பாலானவை பிறப்பதே அங்கேதான். வரைபடத்தை விரித்ததும் மனம் ஓர் ஊரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தாளில் இல்லாத எழுத்தும் கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் பழக வேண்டியது எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்தோடு. மாதப் பெயர், பதவி, படைப்பிரிவு என்று சந்தேகமில்லாமல் படிக்க முடிகிற சொற்களை அதே பக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் அவர் போடும் விதத்தைத் தனித்தாளில் வரைந்துகொள்ளுங்கள். தலைப்பெழுத்துகள்தான் அதிகம் ஏமாற்றும். சுழித்து எழுதிய பெரிய ‘இ’ பெரிய ‘எஸ்’ போலவே இருக்கும்; பிரான்ஸின் எத்தாப்பிள் முகாமை ‘ஸ்டேப்பிள்ஸ்’ என்று படித்துவிட வாய்ப்பிருப்பது இதனால்தான். அதே பக்கத்தில் ‘செப்டம்பர்’ என்ற சொல் இருந்தால் அதன் முதலெழுத்தை ஒப்பிட்டே தீர்த்துவிடலாம்.

சின்ன எழுத்துகளில் செங்குத்துக் கோடுகளை எண்ண வேண்டும். ‘ஐ’க்கு ஒன்று, ‘என்’, ‘யு’ இரண்டுக்கும் இரண்டிரண்டு, ‘எம்’முக்கு மூன்று. பிரான்ஸின் ருவான் நகரின் எழுத்துகள் ஆர், ஓ, யு, இ, என். வேகமாக எழுதும் கையில் ‘யு’வும் ‘என்’னும் ஒன்றாகிவிடுவதால் ‘ரோனென்’ என்று படித்துவிட்டு, இல்லாத ஊரைத் தேடி அலைபவர்கள் உண்டு. ‘ஐ’யின் புள்ளியும் ‘டி’யின் குறுக்குக்கோடும் வலப்புறம் நழுவி அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும், அவற்றை இடப்புறம் நகர்த்திப் படித்துப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதித் தாள்களில் வேறொரு சிக்கல். இரட்டை ‘எஸ்’ வந்தால் முதல் ‘எஸ்’ஸை நீட்டி எழுதுவார்கள், அது ‘எஃப்’ போலத் தெரியும். சில கைகளில் இரண்டும் சேர்ந்து ‘பி’ ஆகிவிடும். ‘ராஸ்’ என்ற ஊர் ‘ராப்’ ஆவது இப்படித்தான். சிப்பாய் படையை விட்டு விலகும்போது எழுதிய அக்காலப் பிரிட்டிஷ் விடுவிப்புச் சான்றுகளில் பிறந்த இடத்துக்குத் திருச்சபைப் பங்கு, அருகிலுள்ள நகரம், கவுண்டி (மாவட்டம் போன்றது) என மூன்று இடைவெளிகள் இருக்கும். கவுண்டிகள் சிலவே என்பதால் அதை முதலில் படித்தால் மற்ற இரண்டும் சுருங்கி வரும். கையொப்பத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால், எழுதத் தெரியாத சிப்பாய் ஊர்ப்பெயரைச் சொல்லக் கேட்டுக் குமாஸ்தா எழுதியிருக்கிறார் என்று பொருள். குறிப்பாக அயர்லாந்து ஊர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது.

முதல் உலகப் போரின் பி.103 படிவத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரு சிப்பாய் எங்கெங்கே இருந்தார் என்பதைக் காட்டும் முக்கியமான தாள் அது. அதில் இரண்டு தேதிகள் உண்டு: இடக்கோடியில் இருப்பது தகவல் அறிக்கையின் தேதி, ‘இடம்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் இருப்பதே நிகழ்ந்த தேதி. இதை மாற்றி எடுத்தால் பிறகு பார்க்கும் எல்லாமே பிசகும். அந்தப் பத்தியில் ‘ஃபீல்டு’ என்றிருந்தால் அது ஊரல்ல, களத்தில் என்று பொருள். ‘டூ’ என்று ஈரெழுத்து இருந்தால் ‘மேற்படி’. சிப்பாய்களின் பேச்சு வழக்கில் ‘வைப்பர்ஸ்’ என்பது பெல்ஜியத்தின் ஈப்ர் நகரம், ‘பிளக்ஸ்ட்ரீட்’ என்பது பிளூக்ஸ்டேர்ட், ‘பாப்’ என்பது போப்பரிங்கே.

தேதி சரியாகக் கிடைத்தபின் அவருடைய பட்டாலியன் போர்க்களத்தில் அன்றாடம் எழுதிவந்த வார் டைரியைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் அவை இருக்கின்றன. பல டைரிகளில் இடப்பெயரைத் தனித்தனிப் பெரிய எழுத்துகளில் எழுதியிருப்பதால் ஒப்பிடுவது எளிது. ஆனால் சிப்பாய் அன்று மருத்துவமனையிலோ பயிற்சியிலோ இருந்தால் டைரி சொல்லும் ஊர் அவருடையதல்ல.

1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்க் கோப்புகளில் பாதிக்கும் மேல் அழிந்தன. மிஞ்சியவற்றில் பலவற்றின் ஓரம் கருகியிருக்கும். இத்தகைய தாளின் வண்ணப் படத்தைப் படத் திருத்த மென்பொருளில் திறந்து, சிவப்புச் சேனலை (சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் எடுத்துப் பாருங்கள். பழுப்புக் கறை வெளுக்கும், கறுப்பு மை நிற்கும். முழுக்கக் கரியான இடத்தில் இது உதவாது.

கட்டுரையின் கடைசி அறிவுரையான ‘பெயரைத் திருத்தி முழுமையாக எழுதுங்கள்’ என்பதை மட்டும் அடுத்த இதழில் திரும்பப் பெற வேண்டுகிறேன். ‘மெரிக்கூர்’ என்று தாளில் இருந்தால் அது பிரான்ஸில் சொம் பகுதியின் மெரிக்கூர்-லாபே, மெரிக்கூர்-சுர்-சொம், லான்ஸ் நகருக்கு அருகிலுள்ள மெரிக்கூர் ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தாளில் உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியிலும், ஊகத்தை அடுத்த பத்தியிலும், ஊகத்துக்கான காரணத்தை மூன்றாவதிலும் எழுதச் சொல்லுங்கள். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்