தையல் பிரித்தாகிவிட்டது, நன்றி

சேலம் அம்மாப்பேட்டைத் தறிக்காரத் தெரு உறவுகளுக்கும், பல் மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

கீழ்த்தாடையில் ஈறுக்குள் சாய்ந்து படுத்திருந்த என் ஞானப்பல்லை எடுத்துவிட்டார்கள். தையலும் பிரித்தாகிவிட்டது, நலமாக இருக்கிறேன். கன்னம் வீங்கிக் கிடந்தபோது வாயைத் திறந்து யாருக்கும் நன்றி சொல்ல முடியவில்லை. அந்தப் பாக்கி நிற்கிறது.

முதலில் மருத்துவர் அம்மா. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை வெட்டித் துண்டுகளாக எடுத்ததை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் அசந்துபோனது அதற்குப் பிறகுதான். வளைந்த ஊசியில் கறுப்புப் பட்டு நூல். அதை இடுக்கியின் முனையில் சுற்றி இழுத்தார், எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று, முடிச்சு நின்றுவிட்டது. “இறுக்கிக் கட்டினால் ஈறுக்கு ரத்தம் போகாது, விளிம்புகள் தொட்டுக்கொண்டால் போதும்” என்றார். வெண்பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன் நான். இழை எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்று தெரிந்த கைக்கு எப்போதும் ஒரு கும்பிடு போடுவேன்.

அங்கே உதவியாளராக இருக்கும் தங்கைக்கும் கடன்பட்டிருக்கிறேன். துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் மறந்திருப்பேன். குழியில் உறைகிற ரத்தக்கட்டிதான் உள்ளிருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் மூடி, அது பெயர்ந்துவிட்டால் அடுத்த சில நாட்களில் காதுவரை வலி தெறிக்கும் என்று விளக்கினார். எச்சில் சிவப்பாக இருக்கிறதே என்று இரவில் பதறிப் போன் செய்தபோதும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு துளி ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியுமாம். புதிய பஞ்சுத்துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் கடித்திருக்கச் சொன்னார். நின்றுவிட்டது.

குழித்தறியில் குனிந்து மிதித்தால் ரத்தம் கசியும் என்று, என் தறியில் பூட்டிய பாவில் (நெடுக்கு நூலில்) மீதியிருந்த சேலையைப் பக்கத்து வீட்டு அண்ணன் நெய்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். (ஊடை நூலை அவர் அடித்துச் சேர்க்கும் அடி என் அடியைவிடச் சற்று அழுத்தம். முதலாளி கண்ணுக்குத் தப்பியது, என் கண்ணுக்குத் தப்பவில்லை அண்ணா!) எதிர்வீட்டு அக்கா கேழ்வரகுக் கூழை நன்றாக ஆறவைத்தே கொண்டுவந்தார். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரும் அவர் வீட்டுச் செம்பில்தான் வந்தது. வேகமாகக் கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்து வழியவிடுகிறேனா என்று நின்று பார்த்துவிட்டே போவார். ஜூஸ் கடைத் தம்பி முதல் நாள் ஒத்தடத்துக்கு ஐஸ் கொடுத்தார். ஸ்ட்ரா கேட்டதற்கு ஸ்பூனை நீட்டினார். திண்ணையில் பீடி பிடிக்கும் நண்பர்கள் யாரும் சொல்லாமலே தெருமுனைக்கு இடம் மாறினார்கள். இப்படியே அங்கேயே இருந்துவிட்டாலும் வருத்தமில்லை.

மொறுமொறு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட் கடைக்காரரே, உங்களுக்குத்தான் கடைசி நன்றி. என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, கையில் காசு இருந்தும் செட் தர மறுத்தீர்கள். தட்டுவடைத் தூள் பல் எடுத்த குழிக்குள் போயிருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகுமாம், ஈறு மூட மூன்று நான்கு வாரம் போதுமாம். மூடியதும் வருகிறேன், பீட்ரூட் துருவலை அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.