காசுமாலையை மூசையில் போடுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பவுண் விலை ஏற ஏற, திருகோணமலையில் அம்மம்மாமாரின் காசுமாலைகள் உருக்கப் போகின்றன. அவற்றில் தொங்கும் மெல்லிய காசுகளில் சில வெனிஸ் நகரத்துப் பழைய பொற்காசான டுகாட்டாக இருக்கலாம். அதில் பொறித்த கொடிக்கம்பம் பனையாகவும், முன்னால் மண்டியிட்டவர் மரமேறுபவராகவும் தெரிந்ததால் ‘சாணார் காசு’ என்ற பெயர் வந்தது என்பார்கள். உண்மையில் மண்டியிட்டவர், வெனிஸின் காவல் புனிதரான மார்க்கிடம் கொடி வாங்கும் வெனிஸ் ஆட்சித்தலைவர். மறுபக்கம் முட்டை வடிவ வளையத்துள் நட்சத்திரங்கள் சூழ இயேசு.

1284இல் தீர்மானித்த இந்த வடிவம் 1797 வரை ஏறக்குறைய மாறவில்லை, காசில் ஆண்டும் இல்லை. ஆகவே ஆட்சித்தலைவரின் பெயரே காலத்தைச் சொல்லும். வலப்பக்க விளிம்பில் அதை உருப்பெருக்கியால் படிக்க வேண்டும். பலரும் தவறுவது, பல ஆட்சித்தலைவர்களுக்குப் பொதுவான ‘மொசெனிகோ’ என்ற குடும்பப் பெயரில்தான். முன்னால் ‘தோம்’ என்றிருந்தால் 1414–1423, ‘அலோய்’ என்றிருந்தால் மத்திய காலம் அல்ல, 1570 அல்லது அதற்குப் பிந்தியது. எழுத்துகள் வெறும் கோடுகளாகக் குழம்பியிருந்தால் அநேகமாக இந்தியப் பக்கத்தில் அடித்த போலி. அதுவும் பொன்னாக இருக்கலாம், சேகரிக்கத் தக்கதே. ஆனால் விலை வேறு.

நிறை சுமார் 3.5 கிராம், அரைப்பவுணுக்கும் குறைவு. விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். தட்டாரிடம் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள், இவ்வளவு மெல்லிய காசில் விளிம்பு போய்விடும். நீரில் நிறுப்பதே நல்லது. கொதித்து ஆறிய நீருள்ள குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை அடியில் முட்டாமல் முழுவதும் அமிழ்த்துங்கள். காசின் நிறையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. நல்ல டுகாட் 19ஐத் தாண்டும், 22 கரட் 18க்குக் கீழ் நிற்கும். ஆனால் தராசு காட்டும் எண்ணில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.02 கிராம்கூட இல்லை. இரண்டு தசம இலக்கத் தராசு இங்கே உதவாது, மில்லிகிராம் தராசு வேண்டும். ஒட்டிய ஒரு காற்றுக்குமிழ்கூடக் கணக்கைக் கெடுக்கும், நீரில் ஒரு துளி சவர்க்காரத் திரவம் விட்டால் ஒட்டாது. வளையம் பற்றவைத்த காசுக்கு இந்தச் சோதனை சரிவராது, பற்றாசின் மாற்றுக் குறைவு.

காசைத் துலக்கப் புளி, பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். கிட்டத்தட்டக் கலப்பற்ற பொன் மென்மையானது, தேய்த்த கீறல் திரும்ப மறையாது. அழுக்கை அசிற்றோனில் ஊறவைத்து (நெருப்பிலிருந்து தூரத்தில் வைத்து), வடித்த நீரில் அலசி, ஒற்றி எடுத்தால் போதும். மிருதுவான பிவிசி உறையில் வைக்காதீர்கள். நம் வெக்கையில் அது பிசுபிசுப்பைக் கசியவிடும். மைலார் என்ற பொலியெஸ்டர் உறை நல்லது.

கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது கிடைத்த காசை விற்கக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவும் அனுமதிப்பத்திரம் தேவை.

நகைத் தொழிலாளருக்கு ஒரு வேண்டுகோள்: மூசையில் போடுமுன் இரு பக்கத்தையும் தெளிவாகப் படம் பிடித்து, பெயர் படிக்க முடிகிறதா என்று உரியவரிடம் காட்டுங்கள்.

நாணயச் சேகரிப்பாளர்,
திருகோணமலை