சங்கம் உள்ள வேலையா, இல்லாத வேலையா: சேருமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, "அந்தக் கம்பெனியில் யூனியன் இருக்கிறதா?" என்பதுதான். சிலர் இருந்தால் நல்லது என்று கேட்கிறார்கள், சிலர் இருந்தால் வேண்டாம் என்று கேட்கிறார்கள். தொழிலாளர் சட்டத்தோடு தினமும் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சங்கம் இருக்கிறதா என்பதைவிட, அந்தச் சங்கம் போட்ட ஒப்பந்தம் என்ன வகை, அது யாரைக் கட்டும் என்பதுதான் சம்பளத்தையும் வேலையையும் தீர்மானிக்கிறது.

ஊதிய ஒப்பந்தத்தில் இரண்டு வகை. நிர்வாகமும் சங்கமும் தாங்களாகப் பேசிக் கையெழுத்திடுவது ஒன்று. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில், சமரசப் பேச்சின் முடிவாகக் கையெழுத்தாவது மற்றொன்று. ஆலை வாசலில் முதலாவதை "18(1)" என்றும் இரண்டாவதை "12(3)" என்றும் சொல்வார்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டாலும் பேச்சில் பழைய தொழில்தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள்தான் நிற்கின்றன. வேறுபாடும் புதிய சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 18(1) கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டும். 12(3) அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், நாளைக்குப் புதிதாகச் சேர்கிறவரையும் சேர்த்துக் கட்டும். இரண்டு சங்கம் இருக்கும் ஆலையில் இது பெரிய விஷயம். ஒரு சங்கம் 18(1) போட்டால், அடுத்த சங்கத்துக்காரர் தனியாக ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் உயர்வு என்று நிர்வாகம் சொல்லும். அந்தக் கடிதத்தில் உற்பத்தி இலக்கும், மேற்கொண்டு கோரிக்கை வைக்க மாட்டேன் என்ற வரியும் சேர்ந்தே இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

சங்கமில்லாத கம்பெனியில் இப்படி ஒரு காகிதமே கிடையாது. நியமனக் கடிதமும் வருடாந்திர அப்ரைசல் கடிதமும்தான். உயர்வு கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுக்காவிட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டியும் கேட்க முடியாது.

இதற்காகச் சங்கமில்லாத வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை. டூல்ரூம் ஃபிட்டர், சிஎன்சி புரோகிராமர், பிஎல்சி தெரிந்த மெயின்டனன்ஸ் ஆள் போன்றவர்களின் கைத்தொழிலுக்கு எந்த ஆலையிலும் விலை உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனி மாறினாலே, மூன்றாண்டு ஒப்பந்தம் தருவதைவிடக் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். சங்க ஆலையில் சம்பளம் கிரேடு, சீனியாரிட்டி என்ற படிக்கட்டில் ஏறுவதால், கெட்டிக்காரனுக்கும் சுமாரானவனுக்கும் ஒரே தொகைதான். அம்பத்தூர் போன்ற இடங்களின் சிறு பட்டறைகளில் முதலாளியிடம் நேரே போய்க் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அசெம்பிளி லைனில் நிற்கும் ஆபரேட்டரின் நிலை வேறு. ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலையைச் செய்து பழகிய கைக்கு வெளியே தனி விலை கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் அதே ஆலையில் இருக்கப்போகும் அவருக்குத்தான் சங்கம் அவசியம்.

கண்முன் நடந்த கணக்கைப் பார்ப்போம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் இருப்பதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. பதிவு உயர்நீதிமன்றம்வரை போய் 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பிறகு 2025 மே மாதம் முடிவான ஊதிய உயர்வு, மூன்று ஆண்டுகளில் மாதம் 18,000 ரூபாய்: முதல் ஆண்டு 9,000, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தலா 4,500. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் 2025 செப்டம்பரில் போட்ட ஒப்பந்தம் மாதம் 31,000. அதை 55, 25, 20 சதவீதமாகப் பிரித்தார்கள். அதாவது முதல் ஆண்டு 17,050, இரண்டாம் ஆண்டு 7,750, மூன்றாம் ஆண்டு 6,200. ஒப்பந்தக் காலம் 2024 ஏப்ரல் 1 முதலே தொடங்குகிறது.

இதில் மூன்று இடத்தைக் கவனிக்க வேண்டும். செய்தித் தலைப்பில் வரும் தொகை மூன்றாம் ஆண்டில்தான் முழுதாகக் கைக்கு வரும். முதல் ஆண்டின் பங்கு பாதிக்குக் குறைந்தால் தொழிலாளிக்கு நஷ்டம். இரண்டாவது, ஒப்பந்தம் முந்தைய தேதியிலிருந்து தொடங்கினால் அரியர்ஸ் யாருக்கு என்ற பிரிவு. கையெழுத்தான நாளில் வேலையில் இருப்பவருக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், இடையில் ஓய்வு பெற்றவரும் ராஜினாமா செய்தவரும் வெறுங்கையோடு போவார்கள். மூன்றாவதுதான் கனமானது: உயர்வு எந்தத் தலைப்பில் சேர்கிறது? பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கு, கடைசி மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வரும் தொகையைப் பணியாற்றிய வருடங்களால் பெருக்குவது. மாதம் 9,000 முழுவதும் பேசிக்கில், அதாவது அடிப்படை ஊதியத்தில், சேர்ந்தால் ஒரு வருடப் பணிக்கு 5,192 ரூபாய் பணிக்கொடை கூடும். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 52,000. அதே 9,000 வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, வருகை ஊக்கத்தொகை என்று சிதறினால் பணிக்கொடை நகரவே நகராது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டம் சொல்வதால் ஓரளவு தடுப்பு வந்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பாதிக்குள் விளையாட இடம் இருக்கிறது.

இன்னொன்றைச் சங்கத் தலைவர்களே மறந்துவிடுகிறார்கள். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பு மாதச் சம்பளம் 21,000. ஒப்பந்த உயர்வால் இதைத் தாண்டுகிறவருக்கு, அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் பிடித்தம் நின்றுவிடும். சில மாதம் கழித்து மருத்துவச் சலுகையும் நிற்கும். வயதான அப்பா அம்மாவுக்கு டயாலிசிஸோ இதய சிகிச்சையோ இஎஸ்ஐயில் ஓடிக்கொண்டிருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் உயர்வு எந்த மூலைக்கு? ஆகவே கோரிக்கைப் பட்டியலிலேயே பெற்றோரையும் சேர்த்த மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்ற வரியும் வேண்டும்.

சங்கத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு என்பது அங்கீகாரம் அல்ல. ஆலையில் பல சங்கம் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராக வைத்திருக்கும் சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். 1,000 பேர் ஆலையில் 400, 350, 250 என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தால், மூன்று கொடியும் ஒரே மேசைக்கு வந்து ஒன்றையொன்று வெட்டும். கட்சிச் சண்டை ஆலைக்குள் வந்தால் முதலில் தொலைவது ஒப்பந்தம்.

வேலைநிறுத்தத்தின் விலையும் கண்ணில் தெரிய வேண்டும். வேலை இல்லையேல் கூலி இல்லை என்பது முதல் இழப்பு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து முன்னறிவிப்பின்றி வராமல் இருந்தால், அதற்கு மேல் எட்டு நாள் கூலிவரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசம் நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள்வரையும் வேலையை நிறுத்தக்கூடாது. முன்பு கையாண்ட ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு உபாயம் இனி உதவாது; ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய்வரை அபராதமோ ஒரு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.  மாதம் 25,000 சம்பளக்காரருக்கு, சாம்சங்கில் நடந்ததுபோல் 37 நாள் நிறுத்தம் என்பது சுமார் 31,000 ரூபாய். மாதம் 9,000 உயர்வு கிடைத்தால் நான்கு மாதத்தில் ஈடாகும். கிடைக்காவிட்டால் கடன்தான்.

சந்தாவுக்கு ரசீது வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அரியர்ஸில் ஒரு பங்கு சங்க நிதிக்கு என்று கேட்பது இங்கே வழக்கம். அது எழுத்தில் உங்கள் சம்மதத்தோடுதான் பிடிக்கப்பட வேண்டும். சங்கக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்குச் சட்டத்திலேயே உண்டு. கேட்டால் கோபப்படும் தலைவரிடம் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

சங்கம் இருப்பதன் பலன் சம்பளத்தைவிடத் தண்டனை நடவடிக்கையில்தான் கூர்மையாகத் தெரிகிறது. சங்க ஆலையில் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) வந்தால் பதில் எழுத ஆள் உண்டு. உள்விசாரணையில் பக்கத்தில் உட்கார ஆள் உண்டு. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு. இடைநீக்கக் காலத்தில் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியமும், விசாரணைத் தாமதம் தொழிலாளியால் வராதவரை அதன்பின் முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தரவேண்டும் என்பதைக் கேட்டு வாங்கித் தருவார்கள். சங்கமில்லாத இடத்தில் இத்தனை தூரம் போவதே இல்லை. மனிதவளப் பிரிவு அறைக்குக் கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் சுத்தமாக வரும்" என்பார்கள். எழுதிக் கொடுத்த நிமிடமே அது வேலைநீக்கம் என்ற கணக்கிலிருந்து போய்விடுகிறது. பிறகு வழக்கு நடத்துவது மலையைக் கெல்லும் வேலை. எழுதாதீர்கள். மிரட்டலில் எழுதிவிட்டால் அன்றே, இரவானாலும், மின்னஞ்சலில் "மிரட்டி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று அனுப்பி, மறுநாள் பதிவுத் தபாலிலும் அதையே அனுப்புங்கள். தனியாளாக இருந்தாலும் வேலைநீக்கத்தைத் தொழில்தகராறாக எழுப்பலாம், சங்கம் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம்.

சங்கம் இல்லாவிட்டாலும் 20 தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு இருந்தாக வேண்டும், அதில் தொழிலாளர் தரப்புக்குச் சம இடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போவது, தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக என்று சட்டம் எழுதியிருக்கிறது. சங்கமே இல்லாதவர் அந்தப் படியில் திகைத்து நிற்பார். நிர்வாகம் தானே அமைக்கும் "தொழிலாளர் கமிட்டி"யைச் சங்கம் என்று நம்பிவிடவும் வேண்டாம். கேன்டீன் சாப்பாடு, பஸ் ரூட், சீருடை பற்றி அது பேசலாம். அதற்குப் பதிவு இல்லை, உறுப்பினர் இல்லை, கணக்கு இல்லை.

பதவிப் பெயரிலும் ஒரு வலை உண்டு. ஆபரேட்டராக இருந்தவருக்கு "ஜூனியர் எக்ஸிகியூட்டிவ்" என்று பெயர் கொடுத்து, இனி நீங்கள் ஸ்டாஃப், சங்கத்தில் இருக்கக்கூடாது என்பார்கள். நிர்வாகப் பொறுப்பு வேலை செய்கிறவரும், மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000-க்கு மேல் வாங்குகிறவரும்தான் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போகிறார்கள். அடையாள அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. நாள் முழுக்கச் செய்யும் வேலை என்ன, யாருக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கும்.

காண்ட்ராக்ட், டிரெய்னி பிள்ளைகள் நிலைதான் மனதை உறுத்துகிறது. சங்கம் உள்ள ஆலையிலும் ஒப்பந்தம் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷனில் போல்ட் முடுக்கும் ஒரே டார்க் கன்னைப் பிடிக்கும் இருவரில் ஒருவர் இன்னொருவரின் மூன்றில் ஒரு பங்குகூட வாங்குவதில்லை என்ற நிலை பல ஆலைகளில் உண்டு. தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அதைத் தாண்டவிடாமல் நடுவில் ஆளை நிறுத்துவதும், காண்ட்ராக்டர் பெயரை மட்டும் மாற்றுவதும் நடக்கிறது. கேட் அதே, லைன் அதே, மெஷின் அதே. பிஎஃப் பாஸ்புக்கில் மட்டும் மூன்று முதலாளி பெயர் இருக்கும். அந்தப் பாஸ்புக்கையும், சம்பளச் சீட்டுகளையும், ஷிப்ட் பட்டியலின் போட்டோக்களையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். உரிமை கேட்கும் நாளில் ஆதாரம் இவைதான். அப்ரெண்டிஸ் சட்டப்படி பதிவான பயிற்சியாளருக்கு இந்த வழி திறக்காது என்பதால், நியமனக் கடிதத்தில் அப்ரெண்டிஸா, குறிப்பிட்ட காலப் பணியா, காண்ட்ராக்டா என்று சேரும் முன்பே பாருங்கள். குறிப்பிட்ட காலப் பணியாளருக்குப் புதிய சட்டப்படி ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு.

சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும் ஒவ்வொரு ஒப்பந்தமும் தொழிலாளர் துறையின் கோப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேரப்போகும் இளைஞனுக்கு அது பார்க்கக் கிடைப்பதில்லை. ஆலைவாரியாக, மாவட்டவாரியாக அந்த ஒப்பந்தங்களைத் துறையின் இணையதளத்தில் தமிழில் ஏற்ற வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் ஊதிய ஒப்பந்தச் செய்தி வெளியிடும்போது மொத்தத் தொகையோடு முதல் ஆண்டுப் பங்கு, பேசிக்கில் சேரும் தொகை, எத்தனை நிரந்தரத் தொழிலாளர்களுக்குப் பொருந்தும், அதே ஆலையில் அதற்கு வெளியே நிற்போர் எத்தனை பேர் என்ற நான்கையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.